இன்னொரு சனிக்கிழமைக் காலை

2025 மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு காலில் மட்டும் காலுறை போட்டுக்கொண்டு, என் மகள் கைப்பேசியைத் திறந்து பார்த்தாள். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விரும்பும் மாணவர்கள் எழுதும் எஸ்ஏடி தேர்வை இரண்டு வாரத்துக்கு முன் எழுதியிருந்தாள், அதன் மதிப்பெண் வந்திருந்தது. மொத்தம் 1440. கணிதத்தில் 750, வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பிரிவில் 690. அவள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, இன்னொரு காலுறையைத் தேடிப் போனாள். "பரவாயில்லைம்மா, சாயந்திரம் பேசலாம்" என்று வாசலில் நின்று சொன்னவள், பேருந்துக்கு ஓடிவிட்டாள்.

நான் சாயந்திரம் வரை காத்திருக்கவில்லை. அவள் பேருந்து ஏறிய அரை மணி நேரத்துக்குள் அடுத்த தேர்வுகள் எந்தெந்தத் தேதியில் வருகின்றன, எந்த மையத்தில் இடம் இருக்கிறது என்று பார்த்து முடித்துவிட்டேன். மே மாதம் ஒன்று, ஜூனில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. மூன்றுக்குமே பதிவு செய்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஒரே பொதுத்தேர்வு, ஒரே மதிப்பெண், அதை வைத்தே வாழ்க்கை என்ற முறையில் படித்து வந்தவள் நான். மறுபடி எழுதலாம் என்ற வாய்ப்பே எனக்கு ஒரு வரமாகத் தெரிந்தது. வரம் கையில் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது குற்றம் என்று மனம் சொன்னது. எஸ்ஏடி தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடு கிடையாது. அந்த வசதிதான் முடிவெடுப்பதைக் கடினமாக்குகிறது என்பது எனக்குப் புரியச் சில வாரங்கள் ஆயின.

அன்று இரவு அவளும் நானும் மதிப்பெண் அறிக்கையை முழுதாகப் படித்தோம். காலையில் நாங்கள் இருவருமே பெரிய எழுத்தில் இருந்த எண்ணை மட்டும்தான் பார்த்திருந்தோம். அதன் கீழே சிறிய எழுத்தில் 1400 முதல் 1480 வரை என்று ஒரு வரம்பு கொடுக்கப்பட்டிருந்தது. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டே சொல்லும் செய்தி அது: இதே மாணவி, கூடுதலாக எதுவும் படிக்காமல், வேறொரு நாளில் வேறொரு வினாத்தாளை எழுதியிருந்தால், மதிப்பெண் ஏறக்குறைய 40 புள்ளி கூடவோ குறையவோ வந்திருக்கலாம். ஒவ்வொரு பிரிவுக்கும் இப்படி முன்னும் பின்னுமாகச் சுமார் 30 புள்ளி உண்டு. 1440 என்பது அவளுடைய அறிவின் துல்லியமான அளவு அல்ல. ஒரு சனிக்கிழமைக் காலையில் 2 மணி 14 நிமிடத்தில் எடுத்த ஓர் அளவு. வீட்டுத் தராசில் அடுத்தடுத்து இரண்டு முறை ஏறி நின்றால் எண் சற்று மாறுவதைப் பார்த்து, உடம்பு இளைத்துவிட்டது என்று யாரும் மகிழ்வதில்லை. தேர்வு மதிப்பெண் என்று வந்துவிட்டால் அந்தச் சிறு அசைவை நாம் வளர்ச்சி என்றோ வீழ்ச்சி என்றோ உடனே பெயரிட்டுவிடுகிறோம்.

ஆகவே நாங்கள் எங்களையே கேட்டுக்கொண்ட முதல் கேள்வி, 1440 நல்ல மதிப்பெண்ணா என்பதல்ல. அது அவளுடைய வழக்கமான மதிப்பெண்தானா என்பது. இதற்கு விடை சொல்ல எங்களிடம் சான்று இருந்தது. தேர்வுக்கு முன் ப்ளூபுக் செயலியில் நேரம் வைத்து நான்கு மாதிரித் தேர்வுகளை எழுதியிருந்தாள். அவற்றின் மதிப்பெண்கள் 1470, 1430, 1480, 1420. சராசரி 1450. உண்மைத் தேர்வு அதற்குப் பத்துப் புள்ளி கீழே. அதாவது, அன்று எதுவும் கெட்டுப்போகவில்லை. தூக்கம் கெடவில்லை, மடிக்கணினி மக்கர் செய்யவில்லை, பதற்றம் அவளை விழுங்கவில்லை. தனக்கு அன்று என்ன தெரியுமோ அதை அவள் எழுதிவிட்டு வந்திருக்கிறாள். என் அக்கா மகன் கடும் காய்ச்சலோடு போய் எழுதினான். மாதிரித் தேர்வுகளைவிட 130 புள்ளி குறைந்தது. அங்கே யோசிக்கவே ஒன்றுமில்லை, அடுத்த தேதியில் எழுதினான், மதிப்பெண் தன் இடத்துக்குத் திரும்பியது. எங்களுக்கு அந்தத் தெளிவு இல்லை. படிப்பில் எதையும் மாற்றாமல் ஜூனில் மறுபடி எழுதினால், 1400க்கும் 1480க்கும் இடையில் இன்னொரு எண் வந்திருக்கும், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பையன் மாதிரித் தேர்வுகளில் 1450 அளவிலேயே இருந்தவன். உண்மைத் தேர்வில் 1530 வாங்கினான். இன்னும் கொஞ்சம் உந்தினால் 1560 தொடலாம் என்று பெற்றோர் மறுபடி எழுத வைத்தார்கள். 1490 வந்தது. பையன் சோம்பேறியாகிவிட்டான் என்று அவர்கள் வருந்தினார்கள், அவனும் அதை நம்பினான். ஒரு முறை வழக்கத்தைவிட மிக உயர்ந்து வந்த அளவு, அடுத்த முறை சராசரியை நோக்கி இறங்குவதே இயல்பு. பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு 1886இல் பிரான்சிஸ் கால்டன் எழுதியது இதைத்தான்: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடக் குட்டையாகவே இருந்தார்கள், யாரும் எந்தத் தவறும் செய்யாமலேயே. அந்தப் பையனிடம் யாராவது இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒரு கோடைக்காலம் முழுதும் அவன் தன்னை நொந்துகொண்டிருக்க மாட்டான் என்று எனக்கு இன்னமும் தோன்றுகிறது.

இவ்வளவு கணக்குப் பார்த்த பிறகும் என் மனத்தில் 1500 என்ற எண் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தது. ஏன் 1500? 1490 வந்திருந்தால் திருப்தியாக இருந்திருக்குமா? இருந்திருக்காது, இன்னும் பத்துப் புள்ளிதானே என்று அவளைக் கட்டாயம் மறுபடி அனுப்பியிருப்பேன். 1510 வந்திருந்தால் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். இது என் ஒருத்தியின் பலவீனம் அல்ல என்பதை டெவின் போப், யூரி சைமன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட கட்டுரை காட்டுகிறது. முழு எண்ணுக்குச் சற்றுக் கீழே மதிப்பெண் வாங்கிய எஸ்ஏடி மாணவர்கள், அந்த எண்ணைத் தொட்டவர்களைவிட அதிக அளவில் தேர்வை மறுபடி எழுதுகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். பத்துப் புள்ளி என்பது அளவீட்டின் நடுக்கத்துக்குள்ளேயே காணாமல் போய்விடும் வித்தியாசம். ஆனாலும் இரண்டு பூச்சியத்தில் முடியும் எண் நம்மைக் காந்தம்போல் இழுக்கிறது. இதைப் படித்தபின் அவளிடம் 1500 என்ற எண்ணை நான் வாயால் சொல்வதை நிறுத்தினேன். மனத்தால் நிறுத்த இன்னும் நாளாயிற்று.

முழு எண்ணை விட்டுவிட்டால் வேறு எதை வைத்து அளப்பது? அவள் விண்ணப்பிக்க நினைத்த கல்லூரிகளை வைத்துத்தான். அமெரிக்காவில் பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. அதில் சி9 என்ற பகுதியில், சேர்ந்த மாணவர்களின் எஸ்ஏடி மதிப்பெண் எந்த எல்லைகளுக்குள் இருந்தது என்ற விவரம் உண்டு: கால்வாசிப் பேர் எந்த எண்ணுக்குக் கீழே, கால்வாசிப் பேர் எந்த எண்ணுக்கு மேலே என்று. அவளுடைய பட்டியலில் ஏழு கல்லூரிகள் இருந்தன. இரண்டு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள். அவை சேர்க்கைக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. மூன்றில் 1440 நடுப்பாதிக்குள் வசதியாக இருந்தது. மீதி இரண்டில் கீழ் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த இரண்டுமே மதிப்பெண் அனுப்புவதை மாணவர் விருப்பத்துக்கு விட்ட கல்லூரிகள். அப்படிப்பட்ட இடங்களில் நல்ல மதிப்பெண் உள்ளவர்கள்தான் அனுப்புவார்கள் என்பதால் அந்த எல்லைகள் உள்ளபடிக்குச் சற்று மேலே தள்ளித் தெரியும். அதையும் மனத்தில் கொண்டுதான் படிக்க வேண்டும். விதிகள் வேறு ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. கொரோனாக் காலத்தில் எஸ்ஏடி போன்ற தேர்வுகளைக் கட்டாயமாகக் கேட்பதை நிறுத்திவைத்த எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) 2022இல் அதை மறுபடி கட்டாயமாக்கியது. டார்ட்மவுத்தும் ஹார்வர்டும் 2024இல் அதே முடிவை அறிவித்தன. ஆகவே மூத்த பிள்ளையை மூன்று ஆண்டுக்கு முன் சேர்த்தவர்கள் சொல்லும் அறிவுரையை, அவர்கள் எவ்வளவு அன்போடு சொன்னாலும், அந்தந்தக் கல்லூரியின் பக்கத்தைப் பார்த்துச் சரிபார்க்காமல் ஏற்கக் கூடாது.

மறுபடி எழுதி மதிப்பெண் குறைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு இருந்தது. பெரும்பாலான கல்லூரிகளுக்கு எந்தத் தேதியின் மதிப்பெண்ணை அனுப்புவது என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். பல கல்லூரிகள் இன்னும் ஒரு படி மேலே போய், வெவ்வேறு தேதிகளில் எழுதியவற்றிலிருந்து ஒவ்வொரு பிரிவிலும் உயர்ந்ததை எடுத்துக் கூட்டிக்கொள்கின்றன. சூப்பர்ஸ்கோர் என்பது இதுதான். ஜார்ஜ்டவுன் போல எல்லா மதிப்பெண்களையும் கேட்டு வந்திருக்கும் கல்லூரிகளும் உண்டு, அவள் பட்டியலில் அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே குறைந்துவிடுமோ என்ற பயத்துக்கு இடமில்லை என்று தெரிந்தது. உண்மையான செலவு வேறு இடத்தில் இருந்தது.

அந்தச் செலவு அவளுடைய வாரங்கள். பதினோராம் வகுப்பின் ஏப்ரலும் மேயும் ஏபி தேர்வுகளுக்கு, அதாவது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி அளவுப் பாடங்களின் தேர்வுகளுக்கு, உரியவை. ஜூன் தொடக்கத்தில் பள்ளியின் இறுதித் தேர்வுகள். நான்கு ஆண்டுப் பள்ளி மதிப்பெண்கள் எந்தக் கல்லூரியிலும் எடைபோடப்படுபவை, அவற்றுக்குரிய நேரத்தை எடுத்து எஸ்ஏடிக்குக் கொடுப்பது கையிலிருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போகும் வேலை. நான் ஜூன் என்றேன். அவள், "ஆகஸ்ட்டுன்னா எழுதறேன். ஆனா எதுக்காக எழுதறோம்னு முதல்ல சொல்லும்மா" என்றாள். என்னிடம் பதில் இல்லை. மறுபடி எழுதுவதை விரும்பியது அவளா நானா என்பதை நேர்மையாகப் பார்க்க வேண்டிய இடத்துக்கு அவள் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். பிள்ளைக்கே விருப்பமில்லாமல் எழுதும் இரண்டாவது தேர்வில் எண் கூடினாலும், நீ எழுதிய முதல் தேர்வு போதவில்லை என்ற சொல்தான் அந்த வீட்டில் தங்கும். அவள் விரும்பினால் மட்டும் எழுதலாம், எதைச் சரிசெய்ய எழுதுகிறோம் என்று அவளே காட்டினால் மட்டும் பதிவு செய்யலாம் என்று அன்று முடிவானது.

அவள் காட்டினாள். நான்கு மாதிரித் தேர்வுகளிலும் வாசிப்பு, எழுத்துப் பிரிவில் தவறவிட்ட கேள்விகளை ஒரு நீள நோட்டில் எழுதத் தொடங்கினாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பத்தி: ஏன் இந்த விடையைத் தேர்ந்தேன், அது ஏன் தவறு, இதே தவறை இதற்கு முன் எங்கே செய்தேன். மொத்தம் 34 தவறுகள். அவற்றில் சொல்லின் பொருள் சார்ந்தவை ஐந்து, ஊகித்து அறிய வேண்டியவை ஆறு, இணைப்புச் சொற்களில் நான்கு. மீதி 19, ஆங்கில இலக்கணமும் நிறுத்தற்குறியும். பாதிக்கு மேல் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. வாசிப்பு ஆழம் மூன்று மாதத்தில் வளர்வதில்லை. அரைப்புள்ளியும் காற்புள்ளியும் மூன்று மாதத்தில் கட்டாயம் வசப்படும்.

அந்தப் பத்தொன்பதில் ஏழு, 'ஹவெவர்' என்ற ஒரே சொல்லைச் சுற்றியவை. இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே அந்தச் சொல் நிற்கும். அரைப்புள்ளி அதற்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்பது கேள்வி. தமிழில் 'ஆனால்' என்று எழுதினால் அது அடுத்து வருவதைத்தான் சேரும். ஆங்கிலத்தில் அந்தச் சொல் முந்தைய வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டு, அதற்கும் முன்னால் சொன்னதை மறுப்பதாகவும் இருக்கலாம். அவள் ஏழு முறையும் கண்ணை மூடிக்கொண்டு அரைப்புள்ளியை முன்னால் வைத்திருந்தாள். ஒரு மாலை முழுதும் அந்த ஏழையும் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் படித்து, எது எதற்கு முரண் என்று விரலால் தொட்டுக் காட்டி, பிறகு குறியை வைத்தாள். ஐந்தாவதில் அவளுக்கே பிடிபட்டுவிட்டது.

நோட்டு இன்னொன்றையும் காட்டியது. வாசிப்பு, எழுத்துப் பிரிவு மாட்யூல் என்ற இரண்டு பகுதிகளாக வரும். ஒவ்வொரு மாட்யூலிலும் 27 கேள்விகள், 32 நிமிடம். கேள்விகள் வகைவகையாகச் சேர்த்தே வரும்: முதலில் சொற்பொருள், பிறகு நீளப் பத்திகள், அதன் பின்னர்தான் இலக்கணம். அவள் நீளப் பத்திகளில் நேரத்தைக் கரைத்துவிட்டு இலக்கணத்துக்கு வரும்போது ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு மாட்யூலுக்குள் முன்னும் பின்னும் போக முடியும் என்பதால், இலக்கணக் கேள்விகளை முதலில் முடித்துவிட்டுப் பத்திகளுக்குத் திரும்பும் பழக்கத்தைக் கோடையில் ஏற்படுத்திக்கொண்டாள். முதல் மாட்யூலில் எப்படி எழுதுகிறோம் என்பதை வைத்தே இரண்டாவது கடினமாக வருமா எளிதாக வருமா என்பது தீர்மானமாகும். எளிதானது வந்துவிட்டால் உச்ச மதிப்பெண்ணை எட்ட முடியாது. ஆகவே முதல் 32 நிமிடத்தில் அவசரப்பட்டு விடும் கேள்விகளுக்கு இரட்டிப்பு விலை.

அந்தக் கோடையில் அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்து படிப்பாள். பள்ளியிலேயே ஒரு வேலைநாளில் நடத்திய தேர்வில் அவள் வாங்கியது 1080. எழுதியாயிற்று, முடிந்துவிட்டது என்றே நினைத்திருந்தாள். மாதிரித் தேர்வு என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டண விலக்கு உண்டு, அதில் இரண்டு தேர்வுகளை இலவசமாக எழுதலாம், விண்ணப்பக் கட்டணத்தையும் பல கல்லூரிகள் தள்ளுபடி செய்கின்றன என்பதைப் பள்ளி ஆலோசகரிடம் போய்க் கேட்ட பிறகுதான் தெரிந்துகொண்டாள். ஜோஷ்வா குட்மன், ஓடெட் குரான்ட்ஸ், ஜோனத்தன் ஸ்மித் ஆகிய மூவர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதையே பேசுகிறது: மறுபடி எழுதுவது மதிப்பெண்ணை உயர்த்துகிறது, நான்காண்டுக் கல்லூரியில் சேரும் வாய்ப்பையும் உயர்த்துகிறது, குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள்தான் மறுபடி எழுதுவதும் குறைவு. நாங்கள் 1440க்கும் 1500க்கும் நடுவில் மாதக்கணக்கில் மனத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது, மறுபடி எழுதினால் வழியே மாறக்கூடிய ஒரு பெண் அந்த வாய்ப்பு இருப்பதே தெரியாமல் இருந்தாள். இது எனக்கு மிகவும் உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது. இரண்டாவது முறை எழுதலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், முதல் முறை எந்த ஆயத்தமும் இல்லாமல் எழுதியதா என்றுதான் முதலில் கேட்கிறேன். ஆம் என்றால், மேற்கொண்டு யோசிக்காமல் எழுதுங்கள் என்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் இருவரும் ஒரே மையத்தில் எழுதினார்கள். தோழிக்கு 1210 வந்தது. என் மகளுக்கு வாசிப்பு, எழுத்தில் 730, கணிதத்திலும் 730. மொத்தம் 1460. நோட்டு தன் வேலையைச் செய்திருந்தது, நாற்பது புள்ளி ஏறியிருந்தது. கணிதம் காரணமே இல்லாமல் இருபது இறங்கியிருந்தது. மார்ச் மாதமாக இருந்தால் அந்த இருபதுக்காக நான் இரவெல்லாம் புலம்பியிருப்பேன். இப்போது அது முப்பதுக்குள் அடங்கும் அசைவு என்று தெரியும். உயர்ந்த இரண்டையும் கூட்டினால் சூப்பர்ஸ்கோர் 1480.

அக்டோபர் 4இல் அடுத்த தேர்வு இருந்தது. இருபது புள்ளி. அந்தப் பழைய எண் எழுந்து வந்து மறுபடி என் எதிரில் உட்கார்ந்தது. அவளிடம் எதுவும் சொல்லாமல், ஆகஸ்டுக்கு முன் அவள் எழுதிய மாதிரித் தேர்வுகளை எடுத்துப் பார்த்தேன். வாசிப்பு, எழுத்தில் 720, 740, 730. வந்ததும் 730. எட்டாமல் விட்டுவந்தது என்று எதுவும் இல்லை. நோட்டில் புதிதாகச் சேர்ந்த தவறுகள் எந்த ஒரு வகையிலும் குவியவில்லை, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. விளிம்பில் இருந்த அந்த இரண்டு கல்லூரிகளிலும் 1480 நடுப்பாதிக்குள் வந்துவிட்டது. நவம்பர் 1 என்ற முதல் கெடு முன்னால் இருந்தது, விண்ணப்பக் கட்டுரையில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. ஆகஸ்டில் எழுதுவதற்குக் காட்ட முடிந்த காரணம் எதையும் அக்டோபருக்குக் காட்ட முடியவில்லை.

அன்று இரவு அவளே வந்து கேட்டாள், "இன்னொரு தடவை எழுதணும்னு நினைக்கிறியாம்மா?" இல்லை என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த நீள நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாகத் திருப்பி, காலியாக இருந்த தாள்களில் கட்டுரையின் முதல் வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள்.